ஒலுவில் கரையும் உரோமக் காசும்: சேகரிப்பாளர் தன் பொருளைத் தேர்வது

பழைய உரோமக் காசுகளைச் சேர்க்கத் தொடங்குபவருக்கு முதல் இடைஞ்சல் அவற்றின் பெருக்கம். கி.மு. 3ஆம் நூற்றாண்டிலிருந்து மேற்குப் பேரரசு கி.பி. 476இல் வீழும்வரை பொன்னிலும் வெள்ளியிலும் செம்பிலும் காசுகள் அச்சிடப்பட்டன. கிழக்கில் அதன் பின்னும் அச்சுக்கூடங்கள் ஓயவில்லை. பேரரசுக் காலத்து வகைகளை மட்டும் பட்டியலிடும் பெருந்தொகுதியின் முதல் நூல் 1923இல் வந்தது, பத்தாவது நூல் 1994இல்தான் வந்தது. அறிஞர் பலருக்கு எழுபது ஆண்டு பிடித்த வேலையை ஒரு தனி ஆள் தன் அலுமாரியில் செய்து முடிக்க முடியாது. கண்ணில் பட்டதையெல்லாம் வாங்குபவரிடம் பத்து ஆண்டுக்குப் பின் நிறையக் காசு இருக்கும். அவற்றைப் பற்றிச் சொல்ல அவரிடம் எதுவும் இராது. அதனால் தேர்ந்த சேகரிப்பாளர்கள் முதலிலேயே ஓர் எல்லையைப் போட்டுக்கொள்கிறார்கள்.

உலகெங்கும் பெரும்பாலோர் முதலில் நாடுவது ‘பன்னிரு சீசர்’ வரிசை. சுவெத்தோனியஸ் எழுதிய வாழ்க்கை வரலாறுகளின்படி யூலியஸ் சீசர் முதல் தொமித்தியன் வரை ஆளுக்கொரு காசு. பார்க்க எளிதாகத் தோன்றும் இந்த வரிசை பணத்தை விழுங்கும். கி.பி. 69இல் மூன்றே மாதம் ஆண்ட ஒத்தோவுக்கு உரோம அச்சுக்கூடம் செப்புக் காசே வெளியிடவில்லை. அந்தக் கூடம் அடித்த அவன் முகம் வேண்டுமென்றால் வெள்ளிக்கோ பொன்னுக்கோ போக வேண்டும். இந்த வரிசையை உண்டாக்கியது ஒரு புத்தகம். அந்தப் பன்னிருவரின் காசுகள் ஒரே சந்தையில் ஒன்றாகப் புழங்கினவா, எங்கே போயின என்ற கேள்வி அதில் எழுவதே இல்லை. அரசிகளை மட்டும் சேர்ப்பவர்கள் உண்டு. ஒரே அரசனின் ஆட்சியை ஆண்டு ஆண்டாகப் பின்தொடர்பவர்கள் உண்டு. ஒரே அச்சுக்கூடத்தைப் பிடித்துக்கொள்பவர்களும் உண்டு. இவற்றில் எது சரி என்பது சேர்ப்பவர் எந்த ஊரில் நின்று பார்க்கிறார் என்பதைப் பொறுத்தது. கல்முனை, நிந்தவூர், ஒலுவில், அக்கரைப்பற்று என நீளும் அம்பாறைக் கரையில் இருப்பவர் இலண்டன் சேகரிப்பாளரின் பட்டியலைப் பிரதி எடுக்கத் தேவையில்லை. அவர் வாழும் தீவுக்கே உரோமக் காசோடு ஒரு பழைய கணக்கு இருக்கிறது.

அந்தக் கணக்கு எழுத்தில் தொடங்குவது உரோம எழுத்தாளர் பிளினியிடம். கிளவுதியஸ் காலத்தில், அன்னியஸ் புளோகாமஸ் என்பவரின் விடுதலை பெற்ற அடிமை ஒருவர் அரபுக் கரையோரம் சென்றபோது காற்றில் அடிபட்டுத் தப்ரபேனுக்கு, அதாவது இலங்கைக்கு, வந்து சேர்ந்தார். அவரிடம் இருந்த தினாரிகளில் வெவ்வேறு அரசர்களின் தலைகள் இருந்தும் எல்லாம் ஒரே நிறையில் இருந்ததைக் கண்டு இலங்கை அரசன் வியந்தான். பிறகு உரோமுக்குத் தூதும் அனுப்பினான். 6ஆம் நூற்றாண்டில் கொஸ்மஸ் எழுதிய நூலில் இதற்கு ஒரு தம்பிக் கதை உண்டு. பாரசீக வணிகனும் உரோம வணிகன் சோபாத்தரும் இலங்கை அரசன் முன்னே தத்தம் மன்னர்களின் பெருமை பேச, அரசன் இருவரின் காசையும் வாங்கிப் பார்த்து உரோமப் பொற்காசுக்கே தீர்ப்புச் சொன்னானாம். இரண்டு கதையையும் உரோமப் பக்கத்தவரே சொல்லியிருக்கிறார்கள், ஆகையால் சற்று ஐயத்தோடே கேட்க வேண்டும்.

மண் சொல்வது வேறு. பிளினியின் கதையில் வரும் வெள்ளித் தினாரியும் கொஸ்மஸ் கதையில் வரும் பொற்காசும் இலங்கையில் மிக அரிதாகவே கிடைத்துள்ளன. அனுராதபுரத்திலும் சிகிரியாவிலும் மாந்தையிலும் தெற்கே திஸ்ஸமகாராமவைச் சுற்றியும் கிடைத்தவற்றில் மிகப் பெரும்பாலானவை 4ஆம், 5ஆம் நூற்றாண்டுச் சிறு செப்புக் காசுகள். 1907இல் ஜோன் ஸ்டில் இலங்கையில் கிடைத்த உரோமக் காசுகளைத் தொகுத்து எழுதினார். 1924இல் கொட்றிங்டன் இலங்கை நாணயங்கள் பற்றிய தம் நூலில் அவற்றுக்கு இடம் தந்தார். பின்னர் ஒஸ்மண்ட் போபேஆராச்சியும் ஜெர்மானிய நாணயவியலாளர் ரைன்ஹோல்ட் வால்பர்க்கும் விரிவாக ஆராய்ந்தனர். இந்த நூறாண்டு ஆய்வில் அந்த அடிப்படைச் சித்திரம் மாறவில்லை.

பாக்கு நீரிணைக்கு அப்பால் நிலைமை நேர்மாறானது. கோயம்புத்தூர், கரூர் வட்டாரங்களில் அவுகுஸ்துவும் திபேரியஸும் வெளியிட்ட வெள்ளித் தினாரிகள் குவியல் குவியலாகக் கிடைத்தன. அவற்றிலும் இரண்டே வகைகள் மேலோங்கி நிற்கின்றன: அவுகுஸ்துவின் பேரர்களான காயுசும் லூசியுசும் கேடயங்களோடு நிற்பது ஒன்று, திபேரியஸ் காசில் அமர்ந்த பெண் உருவம் மற்றது. கி.பி. 64இல் நீரோ வெள்ளியின் தரத்தைக் குறைத்த பிறகு, பழைய தரமுள்ள காசையே இந்தியச் சந்தை விரும்பியது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட விளக்கம். 1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த 501 பொற்காசுகளில் மிகப் பெரும்பாலானவற்றின் அரச முகத்தில் உளியால் வெட்டு விழுந்திருந்தது. அந்த வெட்டு ஏன் என்பதற்குப் பல ஊகங்கள் உண்டு. மீண்டும் நாணயமாகப் புழங்காமல், உலோகமாக மட்டும் மதிக்கப்படச் செய்த குறி என்பது அவற்றில் வலுவானது. வெட்டுக்காசை மட்டும், அல்லது துளையிட்டுக் கழுத்தில் அணிந்த காசை மட்டும் படிப்பதும் ஒரு தேர்வுதான். ஐரோப்பியச் சந்தையில் ‘பழுதானது’ என்று ஒதுக்கப்படும் அந்தக் காசு தெற்காசியாவில் நடந்ததைத் தன் மேலேயே எழுதி வைத்திருக்கிறது.

எல்லை போட்டுக்கொள்வதால் என்ன வரும் என்பதற்குத் தமிழ்நாட்டில் நல்ல சான்று இரா. கிருஷ்ணமூர்த்தி. தினமலர் நாளிதழின் ஆசிரியராக இருந்த அவர் 2021இல் மறைந்தார். எல்லா நாட்டுக் காசையும் அடுக்கும் பழக்கத்தை விட்டு, சங்க காலத் தமிழ் மன்னர்களின் காசு, தென்னிந்தியாவில் கிடைக்கும் பிற்கால உரோமச் செப்புக் காசு ஆகிய இரண்டிலும் அவர் கருத்தை ஊன்றினார். கரூரில் அமராவதி ஆற்று மணலைச் சலிப்பவர்களிடமும் மதுரைப் பாத்திர வணிகர்களிடமும் எடைக்குப் போகும் நிலையில் இருந்த தேய்ந்த செம்புத் துண்டுகள் அவருக்கு முக்கியமாயின. தமிழ்ப் பிராமியில் ‘பெருவழுதி’ என்ற பெயர் பொறித்த பாண்டியக் காசை அவர் அடையாளம் கண்டு வெளியிட்டதும், கரூர், மதுரை ஆகிய ஊர்களின் உரோமச் செப்புக் காசுகளைத் தனி நூலாக்கியதும் அந்தக் குறுக்கத்தின் விளைவு. இரண்டு துறைகளும் ஒன்றையொன்று தாங்கின. ‘மாக்கோதை’ என்ற சேரர் வெள்ளிக் காசில் இருக்கும் முகத்தின் வார்ப்பு உரோமத் தினாரியின் சாயலைக் கொண்டது. உரோமக் காசைக் கையில் வைத்துப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது உடனே பிடிபடும்.

அம்பாறைக் கரையில் இருப்பவருக்கு மிக இயல்பான பொருள் அந்தப் பிற்காலச் செப்புக் காசே. சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும்: குறுக்களவு 12 முதல் 14 மில்லிமீற்றர், நிறை ஒரு கிராமுக்குச் சற்று மேல். தியோதோசியஸ், அவர் மகன் அர்க்காதியஸ் ஆகியோர் காலத்து வகை ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். முன்பக்கம் முத்துத் தலைப்பட்டை அணிந்த அரசனின் வலப்பக்க முகம். பின்பக்கம் வெற்றித் தேவதை தோளில் வெற்றிச் சின்னத்தைச் சுமந்து இடப்பக்கம் நடக்கிறாள். மற்றக் கையால் ஒரு கைதியை இழுத்துச் செல்கிறாள். சுற்றிலும் ‘நாட்டின் நலம்’ எனப் பொருள்படும் இலத்தீன் எழுத்துகள். அடிக்கோட்டுக்குக் கீழே மூன்று நான்கு எழுத்துகள் இருக்கும். பழகியவர் முதலில் பார்ப்பது அதைத்தான். அது அச்சுக்கூடத்தின் குறி: அலெக்சாந்திரியா, அந்தியோக்கியா, கொன்ஸ்தாந்திநோபிள், நிக்கோமேதியா, சைசிக்கஸ், தெசலோனிக்கா என்று ஊரைச் சொல்லும், பல வேளைகளில் அந்தக் கூடத்தின் எந்தப் பிரிவு அடித்தது என்பதையும் சொல்லும். அரசனின் பெயர் தேய்ந்து அழிந்தாலும் பின்பக்க உருவத்தையும் இந்தக் குறியையும் கொண்டு காசின் காலத்தைச் சில ஆண்டு இடைவெளிக்குள் நிறுத்த முடியும்.

இலங்கையில் கிடைப்பவற்றில் கிழக்கு அச்சுக்கூடங்களின் பங்கே பெரிது. செங்கடல் வழியாக வந்த வணிகத்துக்கு இது பொருந்துகிறது. ஆனால் இந்தக் காசுகள் வணிகரின் பையில் சிறுகச் சிறுக வந்தனவா, அங்கே மதிப்பிழந்த பழங்காசு மூட்டையாகக் கப்பலேறி வந்ததா, தென்னிந்தியாவில் புழங்கிப் பிறகு இங்கே வந்ததா என்ற வாதம் முடியவில்லை. சேகரிப்பாளர் வேலை செய்ய இங்கே இடம் இருக்கிறது. ஒரே தொகுதியில் உள்ள காசுகளின் தேய்மானம் ஒரே அளவா, பழையவை அதிகம் தேய்ந்து புதியவை கூராக இருக்கின்றனவா, எந்த அச்சுக்கூடம் எத்தனை வீதம் என்பவற்றைக் குறித்து வைத்தால் அந்த வாதத்துக்கு அது சான்றாகும். அருங்காட்சியகத்தில் இருக்கும் தொகுதியைப் படம் பிடித்துப் பட்டியலிட்டாலும் இதே பலன் உண்டு. காசு தன் கையில் இருக்க வேண்டும் என்பதில்லை. பொருளைத் தேர்வதும் உடைமை கொள்வதும் வெவ்வேறு காரியம்.

இதற்கும் குறுகிய, இதைவிடச் சுவையான பொருள் ஒன்று உண்டு: தீவிலேயே அடிக்கப்பட்ட போலி உரோமக் காசு. மாத்தறைக்கு அருகே நைமனவில் கிடைத்த தொகுதியால் இவ்வகை பேர்பெற்றது. ஏமாற்றுவதற்காகச் செய்த கள்ளக்காசு என்று இவற்றைக் கொள்வது கடினம், ஏனெனில் எவரையும் ஏமாற்றும் தரத்தில் இவை இல்லை. அசலைவிடச் சிறியவை, மெல்லியவை, நிறை குறைந்தவை. இலத்தீன் எழுத்து கோடும் புள்ளியுமாகச் சிதைந்திருக்கும். அடித்தவருக்கு அது எழுத்தென்று தெரிந்திருந்தாலும் படிக்கத் தெரியவில்லை. அசலில் கொடிக்கம்பத்தின் இருபுறமும் நின்ற போர்வீரர் குச்சி உருவங்களாகிவிடுவர், வெற்றித் தேவதை சில கீறல்களாகச் சுருங்குவாள். சில்லறைத் தட்டுப்பாட்டை நிரப்ப உள்ளூரில் அடித்துக்கொண்ட சல்லி என்பதே இவற்றுக்குப் பொருத்தமான விளக்கம். அசல் காசின் வரத்துக் குறைந்த பிறகும் அந்த உருவத்துக்குச் சந்தையில் மதிப்பு இருந்தது என்பதை இவை காட்டுகின்றன. பன்னிரு சீசர் வரிசையை முடித்தவர் முன்பே அறியப்பட்டதை மீண்டும் ஒருமுறை அடுக்கியிருப்பார். ஐம்பது போலிக் காசுகளின் நிறையையும் உருவச் சிதைவின் படிகளையும் ஒழுங்காகக் குறித்தவர், எந்த அசலிலிருந்து எது பிறந்தது என்ற வம்சாவளியையே வரைந்துவிடலாம்.

ஒலுவிலுக்கென்று தனியே பொருந்தும் இன்னொரு பொருளும் இருக்கிறது: துறைமுகமும் கப்பலும் பொறித்த உரோமக் காசு. டென்மார்க் கடனுதவியில் கட்டப்பட்டு 2013இல் திறக்கப்பட்ட ஒலுவில் துறைமுகத்தின் கதை கரையில் உள்ளவர்களுக்குத் தெரிந்ததே. அலைதடுப்புச் சுவர் மணலின் ஓட்டத்தை மறிக்க, ஒரு பக்கம் மணல் சேர்ந்து வாயிலை அடைத்தது. மறுபக்கம் ஒலுவிலிலிருந்து நிந்தவூர் வரை தென்னந்தோட்டங்களும் நிலமும் கடலுக்குள் போயின. மீனவரின் வள்ளங்கள் வெளியே போக முடியாமல் மணல் தோண்டக் கேட்டுப் போராட்டம் நடந்தது. இதை அறிந்தவர் நீரோவின் பெரிய பித்தளைக் காசைப் பார்க்கும்போது மற்றவர்களைவிடக் கூடுதலாக ஒன்றைக் காண்பார்.

கி.பி. 64ஐ ஒட்டி வெளியான அந்தக் காசு, கிளவுதியஸ் 42இல் ஒஸ்தியாவுக்கு அருகே தொடங்கிய துறைமுகத்தை வானிலிருந்து பார்ப்பதுபோல் காட்டுகிறது. இருபுறமும் வளைந்து வரும் அலைதடுப்புச் சுவர்கள், நடுவே பாய் விரித்தும் சுருட்டியும் நிற்கும் கப்பல்கள், கீழே சுக்கானும் டொல்பினுமாகச் சாய்ந்திருக்கும் கடல்தேவன். அச்சுக்கு அச்சு கப்பல்களின் எண்ணிக்கைகூட மாறும். துறைமுகத்தின் பெருமை சொல்லும் இக்காசு வெளியாவதற்கு இரண்டு ஆண்டுக்கு முன்புதான், 62இல், அதே துறைமுகத்துக்குள் நின்ற சுமார் இருநூறு கப்பல்கள் புயலில் அழிந்ததாக உரோம வரலாற்றாசிரியர் தாசித்துஸ் எழுதுகிறார். பின்னர் திராஜன் உள்ளே அறுகோண வடிவில் இரண்டாவது துறையை வெட்டினான். அதையும் காசில் பொறித்தான். திபேர் ஆறு கொண்டுவந்த மண்ணால் கரை முன்னேறி, இன்று அந்த இரண்டு துறைகளும் உரோமின் விமான நிலையத்துக்கு அருகே உள்நிலத்தில் கிடக்கின்றன.

நீரோவின் காசு நல்ல நிலையில் வேண்டுமென்றால் இயந்திர வள்ளத்தின் விலை கேட்கும். இதே பொருளில் எளியவரும் எட்டக்கூடிய காசுகள் உண்டு. 330இல் தொடங்கி கொன்ஸ்தந்தீன் தன் புதிய தலைநகருக்காக வெளியிட்ட சிறு காசில் வெற்றித் தேவதை கப்பலின் முன்னணியத்தில் நிற்கிறாள். 348ஐ ஒட்டி வெளியான காசில் அரசன் கப்பலில் நிற்க, சுக்கானை வெற்றித் தேவதை பிடித்திருக்கிறாள். கிரேசியன், தியோதோசியஸ் காலத்தில் 378க்கும் 383க்கும் இடையே அதே காட்சி மீண்டும் வந்தது. அலெக்சாந்திரியாவில் அத்ரியனும் அந்தோனினஸ் பயஸும் வெளியிட்ட செப்புக் காசுகளில் புகழ்பெற்ற கலங்கரை விளக்கமே நிற்கிறது. அவற்றுக்குப் பக்கத்தில், சோழமண்டலக் கரையில் புழங்கிய சாதவாகனரின் இரட்டைப் பாய்மரக் கப்பல் காசை வைத்தால் வங்கக் கடலின் பக்கமும் சேர்ந்துகொள்ளும். ஏழெட்டுக் காசுகளில் முடியும் சேகரிப்பு இது. ஒரு பள்ளிக்கூடக் காட்சிப் பெட்டிக்குள் அடங்கும். ஆனால் இதில் உள்ள எந்தக் காசும் இலங்கைக்கு வந்தது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. உருவத்தைப் பின்பற்றும் சேகரிப்பு உருவத்தைப் பற்றித்தான் பேசும். வணிகத்தைப் பற்றிப் பேச முன்னே சொன்ன பிற்காலச் செப்புக் காசுகளே வேண்டும்.

பொருளைத் தேர்வதில் சட்டத்துக்கும் பங்குண்டு. இலங்கையின் 1940ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம், 1815 மார்ச் 2க்கு முற்பட்ட பொருட்களைத் தொல்பொருட்களாகக் கொள்கிறது. மண்ணில் இன்னும் கண்டெடுக்கப்படாதவை அரசின் சொத்து. அனுமதியின்றித் தோண்டுவதும் நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோவதும் குற்றம். இந்தியாவில் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டமும் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டமும் இருக்கின்றன. கரூரில் வாங்கிய காசைப் பையில் போட்டுக்கொண்டு கொழும்புக்கு விமானம் ஏறுவது கடத்தலாகும், அது ஐம்பது ரூபாய்க்கு வாங்கியதானாலும். கிழக்குக் கரையின் ஊர்களிலிருந்து மத்திய கிழக்கில் வேலை பார்ப்போர் பலர். அங்கிருந்து அன்பளிப்பாகப் பழங்காசு வருவதுண்டு. சிரியா, ஈராக் போர்களில் கொள்ளை போன தொல்பொருட்களின் வணிகத்தை ஐ.நா. பாதுகாப்புச் சபை 2015இல் 2199ஆம் தீர்மானத்தால் தடை செய்தது. அந்தியோக்கியாவில் அடித்த செப்புக் காசு மலிவாக வரும்போது அது யார் கையிலிருந்து, எப்போது வெளியே வந்தது என்று கேட்டே வாங்க வேண்டும். பற்றுச்சீட்டும் பழைய உடைமைச் சான்றும் இல்லாத காசை விட்டுவிடுவது நட்டமல்ல.

காசு எங்கே, எந்த ஆழத்தில், வேறெவற்றோடு கிடந்தது என்பது தெரிந்தால்தான் அதன் சாட்சி நிற்கும். உள்ளூர்க் காசை விலைக்கு வாங்கும் சேகரிப்பாளர், தோண்டுபவருக்குத் தெரிந்தோ தெரியாமலோ கூலி கொடுக்கிறார். இலங்கைக் கண்டெடுப்புகளைத் தம் பொருளாகக் கொள்பவர் அதனால் கொழும்புத் தேசிய அருங்காட்சியகத்திலும் அகழாய்வு அறிக்கைகளிலும் உள்ளவற்றைப் படிப்பதோடு நின்றுகொள்வதே முறை. கையில் வைத்துப் பழக, முறையான பத்திரங்களோடு ஐரோப்பிய வணிகரிடமிருந்து அதே வகைக் காசுகளில் சிலவற்றை வரவழைத்துக்கொள்ளலாம். அவற்றின் விலை பெரும்பாலும் குறைவே.

கடற்கரை ஊரில் செம்பைக் காப்பது தனி வேலை. உப்புக் காற்றும் ஈரமும் பட்டால் காசின் மேல் வெளிர்பச்சைத் தூள் பூக்கும். உள்ளே இருக்கும் குளோரைட்டு செம்பைத் தின்னத் தொடங்கியதன் அடையாளம் அது. உறுதியான கரும்பச்சைப் படிவு வேறு. அது காசின் தோல். உருவம் அதில்தான் தங்கியிருக்கிறது. செம்புக் குடத்தைத் துலக்குவதுபோல் புளியோ தேசிக்காயோ போட்டுத் தேய்த்தால் காசு பளபளக்கும், அரசனும் அச்சுக்கூடக் குறியும் போய்விடும். காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, நன்றாக உலர்த்தி, ஈரம் உறிஞ்சும் சிலிக்காப் பொட்டலத்தோடு மூடிய பெட்டியில் வைப்பது போதும். பிளாஸ்ரிக் உறைகளில் மலிவானவை தாமே அமிலம் கசியும். கடதாசி உறையோடு ஒவ்வொரு காசுக்கும் ஒரு சீட்டு இருப்பது நல்லது. நிறை, குறுக்களவு, வாங்கிய நாள், விற்றவர், அடையாளம் கண்ட பட்டியலின் எண் ஆகியவை அந்தச் சீட்டில் இருக்க வேண்டும்.

ஒலுவிலுக்கு மேற்கே தீகவாபி இருக்கிறது; கிறிஸ்துவுக்கு முந்திய நூற்றாண்டுகளிலிருந்தே மக்கள் குடியிருந்த வயல்வெளி இது. கடல் கரையை அரிக்கும் இடத்திலோ கிணறு வெட்டும் குழியிலோ பச்சை படிந்த சிறு வட்டத் துண்டுகள் தென்பட்டால் அவற்றைத் தேய்க்கவோ பிரித்துப் பங்கிடவோ வேண்டாம். கிடந்தபடியே படம் எடுத்து, இடத்தைக் குறித்து, தொல்பொருள் திணைக்களத்துக்கோ கிராம சேவையாளருக்கோ அறிவியுங்கள். ஒலுவிலிலேயே தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது; அங்கே கேட்டால் அடுத்து யாரிடம் போக வேண்டும் என்று வழி காட்டுவார்கள்.